காம்பவுண்டுக்குள் நட்ட கருவை

சவுதியில், அல் கோபாரில் நான் புல் வளர்த்தேன். நெல் இல்லை, சோளம் இல்லை, புல். மாடு தின்னாத புல். முளைத்ததும் மிஷினை விட்டு வெட்டி, வெட்டியதை மூட்டை கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டு, மறுபடி தண்ணீர் விட வேண்டும். வந்த புதிதில் அதைப் பார்த்துவிட்டு, கூட வேலை பார்த்த தூத்துக்குடிப் பக்கத்து ஆளிடம் கேட்டேன்.

"ஏன் பங்காளி, இதை எந்த மாடு திங்கும்?"

"மாடு திங்காதுவே. வெள்ளைக்காரன் கண்ணு திங்கும்" என்றான்.

அவன் கடலில் வலை போட்டவன். இங்கே வந்து ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றான். காம்பவுண்டில் இருந்து நடக்கிற தூரத்தில் கடல் இருந்தது. காற்று திரும்பினால் வாசம் வரும். மூக்கை உறிஞ்சிவிட்டு, "இன்னைக்குச் சாளை பட்டிருக்கும்வே" என்பான். பட்டதோ இல்லையோ, யார் போய்ப் பார்ப்பது?

அது அமெரிக்கக்காரர்கள் குடியிருந்த காம்பவுண்ட். எண்ணெய்க் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பங்கள். ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி கதவு, வாசலில் ஒரே அளவுக்குப் புல்தரை. இரண்டாயிரத்து நாலு, அஞ்சு வாக்கில் ஊர் நிலைமை சரியில்லை என்று மதிலுக்கு வெளியே இன்னொரு மதில் கட்டினார்கள். அதன் மேல் முள்கம்பி. கேட்டில் துப்பாக்கி வைத்த வண்டி. அதற்குப் பிறகு அவர்களும் அதிகம் வெளியே போவதில்லை. சாயங்காலம் ஆனால் மதிலை ஒட்டின ரோட்டில் புருஷன் பெண்டாட்டி, நாய் எல்லாம் சேர்ந்து சுற்றிச் சுற்றி நடப்பார்கள். நான் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கையில் ஒரே முகம் நாலு தரம் கடந்து போகும். நாலு தரமும் "ஹலோ" சொல்லும். நானும் நாலு தரம் சொல்வேன்.

எங்கள் பாஸ்போர்ட் எல்லாம் ஆபீஸில் ஒரு இரும்பு அலமாரிக்குள் இருந்தது. சாவி மேனேஜரிடம். அவர் எகிப்துக்காரர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், பெருநாளுக்கு எங்களுக்குப் பிரியாணி வாங்கித் தருவார். ஆனால் அலமாரியைத் திறக்க மாட்டார். கஃபீல், அதாவது எங்களுக்கு விசா கொடுத்த அரபி முதலாளி, பேப்பரில் கையெழுத்துப் போட்டால்தான் ஊருக்குப் போகலாம். கஃபீலிடம் பேப்பரை மேனேஜர் கொண்டுபோனால்தான் கையெழுத்து. ரெண்டு வருஷத்துக்கு ஒரு லீவு என்று ஏஜெண்ட் சொல்லி அனுப்பினான். எனக்கு மூன்றாவது வருஷம் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டில் அவளுக்கு உடம்பு சரியில்லை. தீட்டு நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. முதலில் என்னிடம் சொல்லவில்லை. அவள் தங்கச்சிதான் ஒருநாள் போனைப் பிடுங்கிச் சொன்னாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போன் கார்டைச் சுரண்டி நம்பரைப் போட்டால், முதலில் கேட்கிறது அதைத்தான்.

"டாக்டரம்மா கட்டி இருக்குன்னு சொல்றாக. கர்ப்பப்பைய எடுத்துரணுமாம். வீட்டுக்காரரக் கூட்டிட்டு வா, கையெழுத்துப் போடணும்ங்கிறாக."

"தங்கச்சி போடக் கூடாதா?"

"எனக்குப் பயமா இருக்குங்க. நீங்க வந்துருங்க. வந்தப்புறம் பாத்துக்கிருவோம். எப்ப வாரீக?"

அந்தக் கேள்விக்கு அந்த வருஷம் முழுக்க ஒரே பதில்தான் சொன்னேன். "கேட்டிருக்கேன்."

புல்லுக்கு வருகிறேன். அங்கே மழை கிடையாது. ஊர் சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் பண்ணி லாரியில் கொண்டுவந்து தொட்டியில் விடுவார்கள். அதில் ஒரு வாடை இருக்கும், சட்டையில் ஏறினால் சோப்புக்குப் போகாது. அந்தத் தண்ணீரில் உப்பு. மண்ணிலும் உப்பு. வெயில் தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை மேலே விட்டுவிடும். அதைக் கழுவ இன்னும் தண்ணீர் விடுவோம். அதுவும் உப்பு. இப்படியே போய்ப் புல்தரை சொறி பிடித்த நாய் மாதிரி திட்டுத்திட்டாக வெளுக்க ஆரம்பித்தது. மேனேஜர் தினமும் வந்து பார்த்துவிட்டு, "யல்லா, பானி, பானி" என்று போவார். லாரி ஒன்று வந்தது ரெண்டாச்சு.

அப்போதுதான் அந்த அம்மா வந்தது. புருஷன் எஞ்சினியர். இந்த அம்மா தன் ஊரில் தோட்டம் போடுகிற படிப்புப் படித்ததாம். தோட்டத்துக்கு ஒரு படிப்பா என்று எங்களுக்குச் சிரிப்பு. ஒரு தொப்பியைப் போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, வெளுத்த இடத்தில் மண்டி போட்டு, மண்ணை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தது. எங்களில் ஒருத்தனும் மூன்று வருஷத்தில் அதைச் செய்யவில்லை.

எனக்குப் பள்ளிக்கூடம் ரெண்டு வருஷம். இங்கிலீஷ், ஹிந்தி எல்லாம் சைட்டில் பொறுக்கினது. அந்த அம்மா மெதுவாகப் பேசும், கையால் காட்டும், புரியாவிட்டால் மண்ணில் குச்சியால் படம் போடும். அப்படித்தான் அதன் ஊர்க் கதை எனக்குத் தெரியும். அமெரிக்காவில் அதன் ஊரும் வறண்ட சீமைதானாம். நான் அமெரிக்கா என்றால் எங்கும் ஆறு ஓடும் என்று நினைத்திருந்தேன். அங்கேயும் வீட்டுக்கு வீடு புல். மழை பொய்த்து ஏரி இறங்கினதும், வாரத்தில் இன்ன நாள்தான் புல்லுக்குத் தண்ணீர் விடலாம் என்று தண்ணீர் ஆபீஸ் உத்தரவு போட்டுவிட்டது. மீறினால் அபராதம். ஆனால் புல் காய்ந்தால், தெரு அழகு கெடுகிறது என்று குடியிருப்போர் சங்கம் நோட்டீஸ் அனுப்பும். அந்த அம்மாவின் தாயார் ரெண்டு நோட்டீஸையும் கையில் வைத்துக்கொண்டு யோசித்து, கடைசியில் ஆள் பிடித்துக் காய்ந்த புல்லுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தார்களாம்.

இதை நான் ரூமில் சொன்னதும் தூத்துக்குடிக்காரன் கட்டிலில் இருந்து உருண்டு விழாத குறை.

"வே, நாளைக்கே மேனேஜர்ட்ட சொல்லிப் பெயிண்ட் டப்பா வாங்கிருவமா? ஒரு கோட்டிங் அடிச்சிட்டு நாலு மாசம் படுத்துத் தூங்கலாம்லா!"

அந்த அம்மா சொன்னது, புல்லையே எடுத்துவிடலாம். இந்த மண்ணில் தானாக வளருகிற மரத்தை நட்டு, சரளைக் கல் பரப்பி, நிழல் உண்டாக்கலாம். வேர் பிடித்த பிறகு லாரித் தண்ணீர் தேவை இல்லை. இதற்குக் காம்பவுண்டுக்காரர்களின் கமிட்டி ஒப்ப வேண்டும். கிளப் ஹாலில் கூட்டம். மாதிரிக்குத் தொட்டிச் செடி ரெண்டு தூக்கிக்கொண்டு போய் நான் சுவரோரம் நின்றேன். எனக்குப் புரிந்தவரை, ஒரு தடித்த ஆள் எழுந்து, என் பிள்ளைகள் முள்ளிலா உருண்டு விளையாடும் என்று கத்தினார். ஒரு வயசான வெள்ளைக்கார அம்மா மெதுவாகத்தான் பேசினார்கள். காலையில் ஜன்னலைத் திறந்ததும் புல்லைப் பார்த்தால், ஒரு நிமிஷம் இந்த மதிலுக்குள் இருக்கிறது மறந்துபோகிறது, அதையும் எடுக்கப் போகிறீர்களா என்றார்கள். எனக்கு அந்த வயசான அம்மாவைப் பார்த்து, எங்கள் ரூமுக்கு ஜன்னலே இல்லை என்று சொல்லத் தோன்றியது. தூக்கி வந்த தொட்டியைச் சுவரோரம் நகர்த்தி வைத்தேன்.

முடிவு இது: கிளப்புக்கு முன்னால் உள்ள இடத்தில் மட்டும் நட்டுப் பார்ப்பது. வெயில் தணிந்ததும் நடுவது, அடுத்த வெயில் ஏறுமுன் கமிட்டி வந்து பார்ப்பது. வளர்ந்திருந்தால் காம்பவுண்ட் முழுக்க. இல்லாவிட்டால் புல்லே.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அந்த இடம் உன் பொறுப்பு என்றார். நான் லீவைப் பற்றிக் கேட்டேன். "கார்டன் ஹரா ஹோ ஜாயே, கமிட்டி குஷ். தும் காவ் ஜாவ். கலாஸ்" என்று ரெண்டு கையையும் தட்டினார். பச்சையாக வேண்டும், கமிட்டிக்குப் பிடிக்க வேண்டும், பிறகு நீ ஊருக்குப் போ. அந்த வெள்ளிக்கிழமை நான் அவளிடம் "கேட்டிருக்கேன்" என்று சொல்லவில்லை. "பங்குனிக்குள்ள வந்துருவேன். டாக்டரம்மாகிட்டச் சொல்லி வையி" என்றேன்.

நர்சரி லாரி வந்த காலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. டிரைவர் வண்டியை ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினான். அந்த அம்மா கையில் படம் போட்ட தாள். 'காஃப்' என்று ஒரு மரம், அரபிகள் மதிக்கிற மரம், பாலைவனத்தில் தண்ணீர் இல்லாமல் நூறு வருஷம் நிற்கும் என்று சொல்லிச் சொல்லி எங்களுக்கே மனப்பாடம். படத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, அது எங்கள் ஊர் வன்னி மரம். கோயிலில் நிற்பது. இலந்தை மாதிரி இன்னொன்று. இந்த ரெண்டும்தான் அதிகம் எழுதியிருந்தது.

நான் லாரியில் ஏறி முதல் பையைத் தூக்கினேன். முள் விரலில் ஏறியது. குனிந்து பார்த்தேன். கணுவுக்குக் கணு ஜோடி ஜோடியாக முள், எதிரும் புதிருமாக. வன்னிக்கு அப்படி இருக்காது, அதன் முள் கணுவுக்கு இடையில் கண்ட இடத்தில் சின்னதாக இருக்கும். இலையைக் கசக்கி மோந்தேன்.

நான் ஊரில் கரி மூட்டம் போட்டவன். ராமநாதபுரம் சீமையில் விவசாயம் செத்த பிறகு எங்களுக்குச் சோறு போட்டது சீமைக்கருவை. அதை வெட்டி, குடிசை மாதிரி அடுக்கி, மேலே செத்தையும் மண்ணும் மூடி, உள்ளே தீயை விட்டு, நாலஞ்சு நாள் பக்கத்திலேயே கிடக்க வேண்டும். புகை வெள்ளையாக வந்தால் ஈரம் போகிறது. நீலமாக மெலிந்தால் கரி ஆகிவிட்டது. தீ உள்ளேயே கிடந்து வேக வேண்டும், வெளியே வரவிடக் கூடாது. சோறு போட்ட மரம்தான். ஆனால் கிணற்றை வற்ற வைத்ததும் அதுதான், கண்மாயைத் தூர்த்ததும் அதுதான். ஒரு மரம் நட்டால் பத்து வருஷத்தில் ஊரை எடுத்துக்கொள்ளும். அதன் இலையை எனக்கு இருட்டில் கொடுத்தாலும் தெரியும்.

லாரியில் இருந்ததில் இலந்தை சரிதான். மற்றது பார்த்தவரை எல்லாம் கருவை. நர்சரிக்காரனுக்கு ரெண்டும் ஒன்று போலும். சின்னச் செடியில் பார்க்க அண்ணன் தம்பி மாதிரித்தான் இருக்கும்.

தூத்துக்குடிக்காரன் கீழே நின்று பையை வாங்கினான். வாங்கினவன் அப்படியே நின்றான்.

"வே, இது நம்ம வேலிக்காத்தான்லா?"

"சத்தம் போடாத."

"என்னவே சத்தம் போடாத? இதைக் கப்பல்ல ஏத்தி வந்தா நடுதாக? எங்க ஊரு ஸ்டேஷன் பக்கம் வரச் சொல்லு, சும்மாவே வெட்டிட்டுப் போட்டும்!"

"பங்காளி, கொஞ்சம் பேசாம இரு."

அந்த அம்மா பத்தடியில் நின்று சிரித்த முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் சொன்னால் லாரி திரும்பிப் போகும். புதுச் செடி எப்போது வருமோ. வந்தாலும் வன்னி என்ன செய்யும்? முதல் ரெண்டு வருஷம் வேரைக் கீழே விட்டுக்கொண்டு, மேலே குச்சியாக நிற்கும். கமிட்டிக்காரர்கள் வந்து குச்சியைப் பார்ப்பார்கள். கருவை அஞ்சு மாதத்தில் தலைக்கு மேல் நிற்கும். தண்ணீர் வேண்டாம், உப்பு ஒன்றும் செய்யாது. பங்குனிக்குப் பச்சை.

நான் இறங்கிக் குழி தோண்டினேன்.

நூற்றுச் சொச்சம் செடியில் ஒன்றே ஒன்று நிஜமான வன்னி கலந்திருந்தது. அதை மட்டும் தனியாக எடுத்து, கேஸ் சிலிண்டர் ரூமுக்குப் பக்கத்து மூலையில் வைத்தேன். ஏன் என்று அப்போதும் தெரியவில்லை.

கருவை என்னை ஏமாற்றவில்லை. தை மாதம் இடுப்புக்கு வந்தது. மாசியில் மார்புக்கு. காம்பவுண்டுக்காரர்கள் சுற்று நடக்கும்போது நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். அந்தத் தடித்த ஆளே ஒரு இலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். அந்த அம்மா தினம் காலையில் காமிராவோடு வரும். எனக்கு பிஸ்கட், குளிர்ந்த தண்ணீர். "பார், தண்ணீரே கேட்கவில்லை. இந்த மண்ணின் பிள்ளை" என்று சொல்லும். நான் தலையாட்டுவேன். பிஸ்கட்டைத் தூத்துக்குடிக்காரனிடம் கொடுத்துவிடுவேன். மூலையில் இருந்த வன்னி ஒரு சாண் கூட ஏறவில்லை. "இது மட்டும் ஏன் நோஞ்சானாக இருக்கிறது, எடுத்துவிடலாமா?" என்று ஒருநாள் கேட்டது. "வேண்டாம் மேடம், இருக்கட்டும்" என்றேன்.

பங்குனியில் கமிட்டி வந்தது. கை தட்டினார்கள். கேக் வெட்டினார்கள், எங்களுக்கும் ஒரு துண்டு. அந்த வயசான அம்மா மட்டும் கேக்கைத் தொடாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள். காம்பவுண்ட் முழுக்கப் புல்லை எடுத்துவிட்டு இதே மரத்தை நடுவது என்று முடிவானது.

மறுநாள் ஆபீஸ் திறந்ததும் போய் நின்றேன். மேனேஜர் எழுந்து என் தோளில் கை போட்டார். இதுவரை போட்டதே இல்லை.

"முழுக் காம்பவுண்டும் நடணும். நீதான் பார்க்கணும். இந்த மரத்தை உன்னை மாதிரி யாரும் வளர்க்க முடியாது, மேடமே சொல்லிட்டாங்க. இப்ப லீவ் மாஃபி, கிடையாது. இதை முடி, அடுத்த சீசன் பார்க்கலாம்."

"சார், பீவி பீமார். ஆபரேஷன்" என்றேன்.

"எனக்கும் பெண்டாட்டி கெய்ரோவில்தான் இருக்கிறாள்" என்றார். வருத்தமாகத்தான் சொன்னார். அலமாரி அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மரம் வளராமல் போயிருந்தால் என்னை விட்டிருப்பாரோ என்னவோ. வளர வைத்தது நான்தான்.

அந்த வெள்ளிக்கிழமை போன் போடவில்லை. அடுத்த வெள்ளியும் போடவில்லை. சித்திரை முழுக்க அப்படியே போனது. என்ன சொல்வது? வைகாசியில் தூத்துக்குடிக்காரன்தான் கார்டைச் சுரண்டி நம்பரைப் போட்டு என் காதில் வைத்தான். "பேசும்வே. பேசாம இருந்தா மட்டும் கட்டி கரைஞ்சிருமாக்கும்?"

அவள்தான் எடுத்தாள். குரல் மெலிந்திருந்தது.

"ஆபரேஷன் முடிஞ்சிருச்சு. இன்னையோட எட்டு நாளு."

நான் போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"ரொம்பப் போக ஆரம்பிச்சிருச்சு. தங்கச்சி தூக்கிட்டு வந்துட்டா மதுரைக்கு. வீட்டுக்காரரு எங்கன்னு கேட்டாக. வெளிநாட்டுலன்னேன். சரி, நீயே போடுன்னுட்டாக. நானே கைநாட்டு வச்சேன். இருக்கீகளா?"

"இருக்கேன்."

"அங்க அப்பிடி என்ன வேலைன்னு இந்த நர்ஸம்மா கேக்குறாக. மரம் வளக்குறாகன்னேன். என்ன மரம்னு கேக்குறாக. எனக்குத் தெரியல. என்ன மரங்க?"

நான் சொன்னேன். லைன் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு அவள் சிரிக்கிற சத்தம் வந்தது.

"கருவையா? நம்ம கருவையா? ஏங்க, கொல்லையில கதவத் தொறக்க முடியாமக் கெடக்கு. அத வளக்கவா அங்க போயி உக்காந்திருக்கீக? ஐயோ, சிரிக்க வைக்காதீக, தையல் இழுக்குது!"

சிரித்துக்கொண்டே அழுதாளா, அழுதுகொண்டே சிரித்தாளா, தெரியவில்லை. பிறகு கேட்டாள்.

"அவுகளுக்குத் தெரியுமா, அது என்னன்னு?"

"தெரியாது."

"ஒருத்தரும் சொல்லலையா?"

"நான்தான் சொல்லணும்."

"அப்பச் சொல்லிருங்க. இனி என்ன இருக்கு?"

மறுநாள் காலை அந்த அம்மா காமிராவோடு வந்தபோது நான் கடப்பாறையோடு நின்றேன். ஒரு மரத்தின் தூரில் இருந்து வேரைத் தொடர்ந்து தோண்டியிருந்தேன். நடைபாதைக் கல்லுக்கு அடியில் புகுந்து, பக்கத்துப் புல்தரைக் குழாயைத் தேடி, நேராகப் போயிருந்தது. ஏழு மாதத்து மரம். வேர் மூன்று ஆள் படுத்த நீளம். குழாய் இணைப்பில் நுனி நுழைந்திருந்தது. இலையைக் காட்டினேன், ஜோடி முள்ளைக் காட்டினேன். பிறகு மூலைக்குக் கூட்டிப்போய் அந்த நோஞ்சான் செடியைக் காட்டி, "மேடம், திஸ் காஃப்" என்றேன்.

அந்த அம்மா ரெண்டு இடத்துக்கும் ரெண்டு தரம் நடந்தது. பிறகு நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தது.

எப்போது தெரியும் என்று கேட்டது.

"ஃபர்ஸ்ட் டே, மேடம்."

ஏன் சொல்லவில்லை?

"லீவ், மேடம். வைஃப் ஆபரேஷன்."

இப்போது வைஃப்?

"ஆபரேஷன் ஃபினிஷ், மேடம்."

திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். வேரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இதை எப்படி எடுக்க வேண்டும் என்று கேட்டது. வெட்டினால் ஒன்று பத்தாக வரும், தூரோடு தோண்ட வேண்டும் என்றேன். அன்றைக்கே அந்த அம்மா கமிட்டிக்குப் போய், தவறு தன்னுடையது, செடியைச் சரியாகப் பார்த்து வாங்கவில்லை என்று சொல்லிவிட்டது. என் பேச்சை எடுக்கவே இல்லை. கமிட்டி, போதும் உன் பாலைவனம், புல்லே இருக்கட்டும் என்றது. தண்ணீர் லாரி ரெண்டாகவே ஓடியது.

வெயிலோடு வெயிலாக நானும் தூத்துக்குடிக்காரனும் ஒவ்வொரு தூராகத் தோண்டினோம். "நட்ட கையே பிடுங்கணும்னு எந்தச் சாமிவே எழுதிச்சு?" என்று திட்டிக்கொண்டே தோண்டினான். இலந்தையையும் கமிட்டி எடுக்கச் சொன்னது. காலை நேரத்தில் அந்த அம்மாவும் ஒரு மண்வெட்டியோடு வரும். எங்களோடு தோண்டும். பிஸ்கட் வரவில்லை, தண்ணீர் மட்டும் வந்தது. அந்த வருஷம் முடியுமுன் அதன் புருஷனுக்கு மாற்றல் ஆகிக் கிளம்பிப் போனார்கள். போகும்போது மூலைக்குப் போய் அந்த வன்னியைச் சுற்றிக் கல் அடுக்கி வைத்துவிட்டு, அதை மட்டும் யாரும் தொடக் கூடாது என்று மேனேஜரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போனது.

கடைசித் தூர் வெளியே வந்து, குழி மூடி, அதன் மேல் புல் விரித்து, புல் பச்சையான பிறகு அலமாரி திறந்தது. அதற்குள் இன்னொரு வருஷம் போயிருந்தது. நான் புறப்பட்ட அன்றைக்கு வன்னி என் முழங்காலுக்கு இருந்தது.

ராமநாதபுரத்தில் இறங்கி டவுன் பஸ்ஸில் போனேன். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கருவை, பஸ் ஜன்னலை உரசிக்கொண்டு. வீட்டில் அவள் வாசலுக்கு வந்தாள். இளைத்திருந்தாள், ஆனால் நடை திடமாக இருந்தது. ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கை காய்த்துப்போய் இருந்தது. பிறகு கொல்லைப் பக்கம் போய்க் கடப்பாறையை எடுத்துவந்து சுவரில் சாய்த்தாள்.

"அங்க தோண்டுனீகல்ல" என்றாள். "இங்கயும் தோண்டுங்க. எத்தனை நாளு லீவு?"

"நாப்பத்தஞ்சு."

அவள் கொல்லையைத் திரும்பிப் பார்த்தாள். "பத்தாது" என்றாள்.